நிபந்தனையோடு வந்த வெற்றி: திண்டுக்கல் செவிலியரும் புற்றுநோய்ப் பணியாளர் பயிற்சியும்

2000ஆம் ஆண்டு திண்டுக்கல் மாவட்டத்தில் ஓர் ஆய்வு தொடங்கியது. அம்பிளிக்கையைத் தளமாகக் கொண்ட மருத்துவக் குழுவும், பிரான்சின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையும் சேர்ந்து அதை நடத்தின. ஊர்கள் 114 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. அவற்றில் பாதியில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ச் சோதனை செய்யப்பட்டது. மீதிப் பாதியில் அப்போதிருந்த வழக்கமான மருத்துவ வசதியே தொடர்ந்தது. சோதனைப் பிரிவில் இருந்த 49,311 பெண்களில் 31,343 பேர் முன்வந்தார்கள். அவர்களைச் சோதித்தவர்கள் செவிலியர்கள். சில வாரங்கள் பயிற்சி பெற்று, ஊர்ப்புற முகாம்களில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள்.

2007இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. சோதனை நடந்த தொகுதிகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகத் தோன்றுவது 25 விழுக்காடும், அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன. ஒரு லட்சம் பெண்களுக்கு ஆண்டுக்கு இறப்பு மீதிப் பாதியில் 56.7ஆக இருக்க, சோதனை நடந்த தொகுதிகளில் 39.6ஆக இருந்தது. வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்த, மிக எளிய சோதனையால் வந்த பலன் இது. பெரிய ஆய்வகமோ உயிரணு வல்லுநரோ இல்லாத ஊர்களிலும் இந்த நோயைத் தடுக்க முடியும் என்பதற்கு உலகம் அன்றிலிருந்து இந்த ஆய்வைச் சான்று காட்டி வருகிறது.

ஆனால் ஆய்வாளர்கள் தங்கள் முடிவை நிபந்தனையோடுதான் எழுதினார்கள். நல்ல பயிற்சியும், விடாமல் தொடரும் தரக் கண்காணிப்பும் இருக்கும்பட்சத்தில் இந்தச் சோதனை பலன் தரும் என்பதே அவர்கள் சொன்னது. அந்த முடிவு திட்ட ஆவணங்களுக்கும் மேடைப் பேச்சுகளுக்கும் போய்ச் சேர்ந்தபோது பாதி நிபந்தனை வழியில் உதிர்ந்துபோனது. 'செவிலியருக்குப் பயிற்சி கொடுத்தால் போதும்' என்ற பகுதி நிலைத்தது. 'விடாமல் தொடரும் கண்காணிப்பு' என்ற பகுதியை அதிகம் பேர் கேட்டதில்லை. புற்றுநோய்ப் பணியாளர் பயிற்சியைப் பற்றி நாம் பேச வேண்டியதெல்லாம் உதிர்ந்துபோன அந்தப் பாதியில் இருக்கிறது.

ஒரு நிமிடத்தில் கண் கற்க வேண்டியது

வி.ஐ.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்தச் சோதனையின் செய்முறை எளிது. ஸ்பெகுலம் என்ற விரிப்புக் கருவியை வைத்துக் கர்ப்பப்பையின் வாய்ப்பகுதியைத் தெரியும்படி செய்து, 3 முதல் 5 விழுக்காடு வரையிலான அசிட்டிக் அமிலத்தைப் பஞ்சால் தடவி, ஒரு நிமிடம் காத்திருந்து, நல்ல வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். புற்றுநோயாக மாறக்கூடிய செல்கள் நிறைந்த இடம் வெள்ளையாகத் தெரியும். செலவு குறைவு. முடிவு அப்போதே கிடைத்துவிடும்.

கடினம் அந்த வெள்ளையில்தான் இருக்கிறது. அமிலம் பட்டால் வெளுப்பதெல்லாம் நோயாகாது. செல்கள் இயல்பாகவே ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு உருமாறிக்கொண்டிருக்கும் இடம் மங்கலாக, ஈரம் படிந்ததுபோல் வெளுக்கும். கிருமித் தொற்றால் புண்பட்ட வாய்ப்பகுதியில் வெண்மை ஆங்காங்கே சிதறி நிற்கும். சிறு சளிக்கட்டிகள் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். கவலைக்குரிய திட்டு வேறு மாதிரி இருக்கும். அடர்ந்திருக்கும், விளிம்பு தெளிவாக இருக்கும், இரண்டு வகைச் செல்கள் சந்திக்கும் எல்லைக்கோட்டைத் தொட்டு நிற்கும். மாதவிடாய் நின்ற பெண்களில் அந்த எல்லைக்கோடே உள்வாங்கிக் கண்ணுக்கு மறைந்துபோவதால் இந்தச் சோதனையின் பயன் குறையும். இதைத் தெரிந்துகொண்டு 'என்னால் முழுமையாகப் பார்க்க முடியவில்லை' என்று பதிவேட்டில் எழுதுவதும் தேர்ச்சியின் பகுதியே.

இவ்வளவையும் வகுப்பறையில் படம் காட்டிச் சொல்லலாம். கண்ணுக்கு அது பழகுவதற்கு எண்ணிக்கை வேண்டும். நூற்றுக்கணக்கான இயல்பான வாய்ப்பகுதிகளைப் பார்த்த பிறகுதான் இயல்பில்லாதது தனித்துத் தெரியத் தொடங்கும். எந்தத் தொகுதியிலும் நோயுள்ளவர்கள் மிகச் சிலர்தான் என்பதால், ஐந்து நாள் பயிற்சி முகாமில் ஒரு செவிலியர் உண்மையான முன்புற்று நிலையை ஒருமுறைகூடப் பார்க்காமல் சான்றிதழோடு ஊர் திரும்பும் வாய்ப்பு உண்டு.

பார்க்கும் கண்ணுக்கு ஏற்ப முடிவு எவ்வளவு மாறும் என்பதற்கு அளவு இருக்கிறது. இந்தியாவிலும் ஆப்பிரிக்காவிலும் நடந்த 11 ஆய்வுகளின் தரவுகளை ஆர். சங்கரநாராயணனும் உடன் ஆய்வாளர்களும் 2004இல் தொகுத்தார்கள். மொத்தம் 56,939 பெண்கள். வி.ஐ.ஏ. சோதனை உண்மையான முன்புற்று நிலையைக் கண்டுபிடித்த விகிதம் சராசரியாகச் சுமார் 77 விழுக்காடு. மையத்துக்கு மையம் பார்த்தால் அது 56 முதல் 94 விழுக்காடு வரை ஏறி இறங்கியது. அமிலம் ஒன்றே, காத்திருந்த ஒரு நிமிடமும் ஒன்றே. ஓரிடத்தில் நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேருக்கு மேல் கண்டறியப்பட்டார்கள். இன்னோரிடத்தில் நான்கு பேர் நலமாயிருப்பதாக நம்பி வீட்டுக்குப் போனார்கள்.

ஒரே சோதனை, மூன்று முடிவுகள்

மகாராஷ்டிரத்தின் அன்றைய உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. அங்கு 1,31,746 பெண்கள் நான்கு பிரிவுகளாக இருந்தார்கள். ஒரு பிரிவுக்கு இந்நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸைக் கண்டறியும் சோதனை, ஒரு பிரிவுக்கு பாப் ஸ்மியர் வகைச் செல் சோதனை, ஒரு பிரிவுக்கு வி.ஐ.ஏ. நான்காம் பிரிவில் வழக்கமான வசதி மட்டும். எட்டு ஆண்டுத் தொடர்தலில், வைரஸ் சோதனைப் பிரிவில் இறப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. வி.ஐ.ஏ. பிரிவில் நம்பத்தகுந்த அளவுக்கு எந்தக் குறைவும் தென்படவில்லை. திண்டுக்கல் ஆய்வில் பங்கெடுத்த அதே பன்னாட்டு முகமைதான் இங்கும் துணை நின்றது. சோதனையும் ஒன்றே.

2014இல் வெளியான மும்பை ஆய்வு வேறு கதை சொல்கிறது. டாடா நினைவு மருத்துவமனை குடிசைப் பகுதிகளில் நடத்திய அந்த ஆய்வில் செவிலியர்கூட இல்லை. மருத்துவப் படிப்பு எதுவும் படிக்காத பெண் சுகாதாரப் பணியாளர்களே பயிற்சி பெற்று வி.ஐ.ஏ. சோதனை செய்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை என நான்கு சுற்றுகள். பன்னிரண்டு ஆண்டு முடிவில் இறப்பு 31 விழுக்காடு குறைந்திருந்தது.

படிப்புக் குறைந்தவர்கள் செய்த இடத்தில் பலன் இருந்தது, இன்னோரிடத்தில் இல்லை. இதற்குக் காரணத்தைப் பயிற்சி ஒன்றின் மேல் மட்டும் போட முடியாது. திண்டுக்கல்லில் சந்தேகம் வந்தவுடன், அதே வருகையிலேயே செவிலியரே கால்போஸ்கோப் என்ற உருப்பெருக்கிக் கருவி வைத்துப் பார்த்து, திசு எடுத்து, தகுதியுள்ளவர்களுக்குத் திட்டை உறையவைத்து அழிக்கும் உறைகுளிர் சிகிச்சையும் செய்தார். அதாவது, கண்டுபிடித்த கைக்கும் குணப்படுத்தும் கைக்கும் இடைவெளி இல்லை. மும்பையில் திரும்பத் திரும்பச் செய்த நான்கு சுற்றுகள், முதல் சுற்றில் கண்ணில் படாததை அடுத்த சுற்றில் பிடிக்க வழி செய்தன. அங்கு பணியாளர்களின் முடிவை வல்லுநரின் முடிவோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். இரண்டுக்கும் நெருங்கிய ஒற்றுமை இருந்தது.

இந்த மூன்று முடிவுகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது ஒன்று தெளிகிறது. பணியாளரின் பட்டமோ பயிற்சி நாள்களின் எண்ணிக்கையோ பலனைத் தீர்மானிக்கவில்லை. பயிற்சிக்குப் பிறகு அவரைச் சுற்றி என்ன இருந்தது என்பதற்குப் பெரிய பங்கு இருந்திருக்க வேண்டும். சரிபார்க்க ஒருவர், திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு, கண்டுபிடித்ததை உடனே சிகிச்சையாக மாற்ற ஒரு வழி ஆகியவை இருந்த இடங்களில் எளியவர்களின் கண்ணும் உயிர் காத்தது.

இந்த ஆய்வுகளை மேற்கோள் காட்டும்போது இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சோதனை கிடைக்காத ஒப்பீட்டுப் பிரிவுகளில் ஆயிரக்கணக்கான ஏழைப் பெண்கள் இருந்தார்கள். திண்டுக்கல்லில் மட்டும் அந்தப் பிரிவில் 92 பெண்கள் இந்நோயால் இறந்தார்கள். அவர்களுக்குச் சோதனை தராமல் விட்டது சரிதானா என்ற அறநெறிக் கேள்வி பின்னாளில் கடுமையாக எழுந்தது. அந்தக் கேள்விக்கு யார் என்ன பதில் சொன்னாலும், இந்த அறிவு அந்தப் பெண்களின் உயிரை விலையாகக் கொடுத்து வந்தது என்பது மாறாது. அப்படி வந்த அறிவின் நிபந்தனையை நம் வசதிக்காக வெட்டிவிட நமக்கு உரிமை இல்லை.

சான்றிதழுக்குப் பின் வரும் மௌனம்

பயிற்சி மட்டும் என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்குப் பரந்த சான்று உண்டு. குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் சுகாதாரப் பணியாளரின் செயல்திறனை உயர்த்த எடுத்த முயற்சிகளை அலெக்சாண்டர் ரோவும் சகாக்களும் தொகுத்து 2018இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியிட்டார்கள். மருத்துவர், செவிலியர் போன்ற படித்த பணியாளர்களில் பயிற்சி மட்டுமோ மேற்பார்வை மட்டுமோ தந்த முன்னேற்றம் 10 முதல் 16 விழுக்காட்டுப் புள்ளிகள். இரண்டும் சேர்ந்தபோது அது சுமார் 18 புள்ளிகளாக உயர்ந்தது. தன்னார்வலர் வகைப் பணியாளர்களுக்கு வெறும் பயிற்சி தந்த பலன் 2.4 புள்ளிகள் மட்டுமே. சமூக ஆதரவும் சேர்ந்த இடங்களில் பலன் பெரிதாக இருந்தது. அச்சிட்ட கையேட்டை மட்டும் கொடுத்ததிலும், தொழில்நுட்பக் கருவியை மட்டும் கொடுத்ததிலும் வந்த மாற்றம் ஏறக்குறைய ஒரு புள்ளி அளவே.

நம் சுகாதாரத் துறைகள் ஆண்டறிக்கையில் பெருமையோடு எழுதுவது 'இத்தனை ஆயிரம் பேருக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது' என்பதை. அந்த எண்ணுக்கும் காப்பாற்றப்பட்ட உயிருக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை மேலே சொன்ன எண்கள் காட்டுகின்றன.

ஒரு செவிலியர் பயிற்சி முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் திரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பெண்ணைச் சோதிக்கிறார், சந்தேகம் வருகிறது, மாவட்ட மருத்துவமனைக்கு எழுதி அனுப்புகிறார். அதன் பிறகு அவருக்கு எந்தச் செய்தியும் வருவதில்லை. அந்தப் பெண் போனாரா, திசுச் சோதனையில் என்ன வந்தது, தன் கண் சொன்னது சரியா என்று எதுவும் தெரியாது. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் இரண்டில் ஒன்று நிகழும். தவறவிட்டுவிடுவோமோ என்ற பயத்தில் எல்லோரையும் அனுப்பத் தொடங்குவார். அல்லது 'இயல்பு' என்று எழுதுவதே கைப்பழக்கமாகிவிடும். முதலாவது நடந்தால் மேல்மருத்துவமனையில் கூட்டம் நெரியும், வீணாக அலைந்த பெண்கள் அடுத்த முறை வரமாட்டார்கள். இரண்டாவது நடந்தால் நோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும். இதைச் செவிலியரின் குறையாகப் பார்ப்பது அநியாயம். தன் முடிவு சரியா தவறா என்று ஒருபோதும் அறிய முடியாத எவருக்கும் திறமை கூடாது.

இந்தச் சரிவைக் கண்டறிய எளிய அளவுகோல் இருக்கிறது. நல்ல பயிற்சி பெற்றவர் சோதிக்கும் பெண்களில் சுமார் 8 முதல் 15 விழுக்காட்டினருக்கு வி.ஐ.ஏ. சோதனையில் சந்தேகம் வரும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2003ஆம் ஆண்டுக் கையேடு சொல்கிறது. திண்டுக்கல் செவிலியரிடம் அந்த விகிதம் ஏறக்குறைய 10 விழுக்காடு. ஆயிரம் பேரைச் சோதித்த ஒருவரின் பதிவேட்டில் அது அரை விழுக்காடாக இருந்தாலோ, முப்பதாக இருந்தாலோ, யாராவது அவருடன் ஒரு நாள் உட்கார்ந்து சேர்ந்து பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். இதற்குப் புதிய கருவி எதுவும் வேண்டாம். இருக்கிற பதிவேட்டை ஆள்வாரியாகக் கூட்டிப் பார்த்தால் போதும்.

சாம்பியா நாடு இதில் ஒரு நல்ல வழியைக் காட்டியது. 2006இல் லுசாகாவில் தொடங்கிய செவிலியர் தலைமையிலான திட்டத்தில், சோதனையின்போது கர்ப்பப்பை வாயை டிஜிட்டல் கேமராவில் படமெடுத்தார்கள். அந்தப் படங்களைப் பின்னர் மருத்துவரும் செவிலியர்களும் ஒன்றாக உட்கார்ந்து பார்த்து விவாதித்தார்கள். சோதனைக்கு வந்த பெண்ணுக்கும் தன் படத்தைத் திரையில் காட்ட முடிந்தது. ஒருவர் கண்டது பலரின் பாடமானது. வகுப்பில் கிடைக்காத அரிய நோயாளியின் படம் எல்லோருக்கும் கிடைத்தது.

தொலைவில் இருப்பவருக்கு வல்லுநரின் வழிகாட்டலைக் கொண்டுபோக இன்னொரு வழி எக்கோ. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் சஞ்சீவ் அரோரா என்ற கல்லீரல் மருத்துவர் 2003இல் இதைத் தொடங்கினார். ஊர்ப்புற மருத்துவர்கள் வாரந்தோறும் காணொலியில் கூடித் தங்கள் நோயாளிகளைப் பற்றிச் சொல்ல, வல்லுநரும் மற்றவர்களும் சேர்ந்து ஆலோசிப்பார்கள். ஹெபடைட்டிஸ் சி நோயில், ஊர்ப்புறத்தில் இப்படிச் சிகிச்சை பெற்றவர்களும் பல்கலைக்கழக மருத்துவமனையில் பெற்றவர்களும் ஏறக்குறைய சமமாகக் குணமடைந்தார்கள் என்று 2011இல் நிறுவினார்கள். நொய்டாவில் உள்ள தேசியப் புற்றுநோய்த் தடுப்பு மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் இதே முறையில் சுகாதாரப் பணியாளர்களுக்குப் புற்றுநோய்ச் சோதனைப் பாடங்களை நடத்துகிறது. இந்த முறையின் உயிர், பங்கேற்பவர் தன் சொந்த நோயாளியைக் கொண்டுவருவதில் இருக்கிறது. ஒருவர் பேச நூறு பேர் கேட்கும் காணொலியாக அதை மாற்றினால் பழைய வகுப்பறைதான் மிஞ்சும்.

கைக்கும் நாவுக்கும் பயிற்சி

சிகிச்சையிலும் முடிவெடுக்கும் திறன் வேண்டும். உறைகுளிர் சிகிச்சையோ வெப்பச் சிகிச்சையோ செய்யச் சில நிமிடங்கள்தான் ஆகும். யாருக்குச் செய்யக் கூடாது என்று அறிவதே அதில் கடினம். திட்டு முழுவதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், கர்ப்பப்பைக் கால்வாய்க்குள் நுழைந்திருக்கக் கூடாது, வாய்ப்பகுதியின் முக்கால் பங்கைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஊடுருவிய புற்றுநோயின் சாயல் துளியும் இருக்கக் கூடாது. ஏற்கெனவே புற்றுநோயாகிவிட்ட இடத்தை மேலோட்டமாக உறைய வைத்து அனுப்பினால், நோயாளி குணமாகிவிட்டதாக நம்பி வீட்டில் இருப்பார். உள்ளே நோய் பரவும். எனவே 'இதை நான் செய்யக் கூடாது, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்' என்று நிறுத்திக்கொள்ளும் துணிவைப் பயிற்சி வளர்க்க வேண்டும்.

அனுப்பினால் போகிறார்களா என்பது அடுத்த கேள்வி. 1980களில் இலங்கையின் மத்திய மாகாணத்தில் ஆரம்ப சுகாதாரப் பணியாளர்கள் ஓராண்டில் 28,295 பேரின் வாயைச் சோதித்து, வாய்ப் புற்றுநோயையும் அதன் முன்நிலைகளையும் அடையாளம் காண முடியும் என்று காட்டினார்கள். உலக அளவில் முன்னோடியான முயற்சி அது. ஆனால் மேல்சோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் பாதிக்குச் சற்றே அதிகமானவர்கள் மட்டுமே போனார்கள். திண்டுக்கல்லிலும் அழைக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சோதனைக்கே வரவில்லை. முன்புற்று நிலை கண்டறியப்பட்டவர்களில் 72 விழுக்காட்டினரே சிகிச்சை பெற்றார்கள். மும்பையில் 89 விழுக்காட்டினர் சோதனைக்கு வந்தார்கள். மேல்சோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் 79 விழுக்காட்டினர் போனார்கள்.

எந்த நோயும் தெரியாத, கூலி வேலைக்குப் போகிற ஒரு பெண்ணை ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு வரச் சொல்கிறோம். திரைச்சீலை சரியாக மூடாத அறையில் படுக்கச் சொல்கிறோம். 'ஏதோ வெள்ளையாக இருக்கிறது, பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள்' என்கிறோம். அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டு அவர் இரவெல்லாம் தூங்காமல் கிடக்கலாம், கணவரிடமும் மாமியாரிடமும் சொல்ல அஞ்சலாம், கடைசியில் போகாமலே விட்டுவிடலாம். 'இது புற்றுநோய் என்று பொருளில்லை, பின்னாளில் அப்படி ஆகாமல் இருக்க இப்போதே பார்த்துவிடலாம் அக்கா' என்று நிதானமாகச் சொல்லி, எந்த நாளில், எந்த அறைக்கு, யாரிடம் போக வேண்டும் என்று எழுதிக் கொடுப்பதும் கற்றுத்தர வேண்டிய திறமை. பெரும்பாலான பாடத்திட்டங்களில் இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினாலே பெரிது. அந்த மணி நேரமும் விரிவுரையாகக் கழிந்துவிடுகிறது. ஒருவர் நோயாளியாகவும் ஒருவர் செவிலியராகவும் இருந்து பேசிப் பழகும் பயிற்சிக்கு நேரம் கிடைப்பதில்லை.

பயிற்சியால் ஆகாதவை

பயிற்சியின் அருமையைச் சொல்லும்போது அதன் எல்லையையும் சொல்லியாக வேண்டும். புற்றுநோய் வார்டில் வின்கிரிஸ்டின் என்ற மருந்து உண்டு. இதை இரத்தக்குழாயில் (சிரையில்) மட்டுமே ஏற்ற வேண்டும். அதே நோயாளிக்கு முதுகுத்தண்டில் செலுத்த வேண்டிய வேறொரு மருந்தும் அதே நாளில் சிரிஞ்சில் வந்திருக்கும். கைமாறி வின்கிரிஸ்டின் முதுகுத்தண்டில் போய்விட்டால் நோயாளி பிழைப்பது அரிதிலும் அரிது. உலகின் பல நாடுகளில், நன்கு பயின்றவர்களின் கையிலும் இது நேர்ந்திருக்கிறது. 2007இல் உலக சுகாதார நிறுவனம் விடுத்த எச்சரிக்கை, இன்னும் கவனமாக இருங்கள் என்ற அறிவுரையோடு நிற்கவில்லை. மருந்தைச் சிரிஞ்சில் வைக்காமல் சிறு திரவப் பையில் கலந்து கொடுங்கள் என்றது. பையில் இருப்பதை யாரும் தவறியும் முதுகுத்தண்டில் செலுத்த முயலமாட்டார்கள்.

அமைப்பை மாற்றித் தவிர்க்கக்கூடிய தவறுக்குப் பயிற்சியை மருந்தாக்குவது, குற்றத்தைப் பணியாளர் தலையில் கட்டும் வழியாகவே முடியும். ஒரு வார்டில் ஓர் இரவுக்கு எத்தனை நோயாளிக்கு ஒரு செவிலியர் என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு, அவருக்கு இன்னொரு பாதுகாப்பு வகுப்பு நடத்துவது தீர்வாகாது.

மறுபக்கத்தில், அமைப்பு ஒரு தலைமுறையின் திறமையையே அழித்துவிட்ட கதையும் நம்மிடம் உண்டு. 1985இல் வந்த போதைப்பொருள் தடைச் சட்டத்தின் கடுமையான உரிம விதிகளால் புற்றுநோயின் கடும் வலியைத் தணிக்கும் மார்ஃபினை மருத்துவமனைகள் வாங்கவே அஞ்சின. மார்ஃபின் கையிருப்பில் இல்லாத மருத்துவமனையில் பயின்ற மருத்துவர் அதை எழுதக் கற்கவில்லை. எழுதத் தெரியாதவர் அதைக் கேட்டு வாங்கவில்லை. கேரளத்தில் மருத்துவர் எம்.ஆர். ராஜகோபாலும் தோழர்களும் 1993இல் கோழிக்கோட்டில் வலி, தணிப்புச் சிகிச்சைச் சங்கத்தைத் தொடங்கி, ஊர்த் தன்னார்வலர் முதல் மருத்துவர் வரை அனைவருக்கும் பயிற்சி கொடுத்து இந்தச் சுழலை உடைத்தார்கள். 2014இல் சட்டமும் திருத்தப்பட்டது. சட்டம் திருந்திய நாளிலேயே மருத்துவரின் கை பழகிவிடாது. இழந்த திறமையை ஒருவர் இன்னொருவர் அருகில் நின்று, நோயாளியின் கட்டிலருகில் கற்றுக்கொடுத்துத்தான் மீட்க வேண்டியிருக்கிறது.

வைரஸ் சோதனை வந்தால் பயிற்சி தேவையில்லையா?

இந்த இடத்தில் ஒரு நியாயமான மறுப்பு எழும். கண்ணால் பார்க்கும் சோதனைக்குப் பதிலாக எச்.பி.வி. வைரஸ் சோதனையையே முதன்மையாகக் கொள்ளுமாறு உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்துவிட்டது. பெண் தானே மாதிரி எடுத்துக் கொடுக்கலாம், இயந்திரம் முடிவு சொல்லும். அப்படியிருக்க, செவிலியரின் கண்ணைப் பழக்க ஏன் இவ்வளவு பாடு?

வைரஸ் சோதனை மேலானது என்பதை உஸ்மானாபாத் முடிவே காட்டுகிறது, அதை வரவேற்க வேண்டும். ஆனால் அது பயிற்சிச் சுமையை இடம் மாற்றுகிறது, நீக்குவதில்லை. வைரஸ் இருப்பதாக முடிவு வந்த பெண்ணை ஒருவர் பார்த்து, சிகிச்சைக்கு உரிய நிலையா என்று தீர்மானிக்க வேண்டும். அங்கு மீண்டும் அதே கண்ணும் அதே கையும் வேண்டும். முடிவு அன்றே வராத இடங்களில், வைரஸ் இருப்பவர்களைத் தேடித் திரும்ப அழைக்கும் வேலை புதிதாகச் சேரும். உடலுறவால் பரவும் வைரஸ் என்ற செய்தியை, குடும்பத்தில் புயல் கிளம்பாமல், உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலானோருக்கு இந்த வைரஸ் தானே நீங்கிவிடும் என்று விளக்க வேண்டும். இவை முன்பைவிட நுட்பமான பணிகள்.

தமிழ்நாட்டின் கணக்கு

2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஓராண்டில் சுமார் 1,27,500 பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. சுமார் 80,000 பேர் இறந்தார்கள். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்தச் சோதனையை எப்போதாவது செய்துகொண்டவர்கள் நாடு முழுவதும் 1.9 விழுக்காடு, தமிழ்நாட்டில் 9.8 விழுக்காடு. மற்ற மாநிலங்களைவிட நாம் முன்னே நிற்பதற்குக் காரணம் உண்டு. 2007இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் முன்னோடித் திட்டம் நடத்தி, பின் மாநிலமெங்கும் விரித்து, தொற்றா நோய்ப் பிரிவுக்கென்றே செவிலியரை அமர்த்தியது தமிழ்நாடு. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் ஊர்தோறும் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் இருக்கிறார். 2023இல் ஈரோடு, கன்னியாகுமரி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை மாவட்டங்களில் வீடு தேடி அழைப்பிதழ் கொடுத்து நடத்தும் ஒழுங்கமைந்த புற்றுநோய்ச் சோதனையும் தொடங்கியது.

2030க்குள் பெண்களில் 70 விழுக்காட்டினர் 35 வயதுக்குள் ஒருமுறையும் 45 வயதுக்குள் மறுமுறையும் உயர்திறன் கொண்ட சோதனை பெற்றிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கு. அதோடு ஒப்பிட்டால் 9.8 மிகச் சிறிய எண். அந்த 9.8 விழுக்காட்டினர் பெற்ற சோதனை எவ்வளவு தரமானது என்பதையும் இந்த எண் சொல்லாது. எண்ணிக்கையை உயர்த்த அவசரப்படும்போது தரம் முதலில் பலியாகும். ஆகவே விரிவாக்கத்தோடு சேர்த்தே சில ஏற்பாடுகளைச் செய்துவிட வேண்டும்.

முதலாவது, முடிவு திரும்பி வருவது. மேலே அனுப்பப்பட்ட ஒவ்வொரு பெண்ணின் திசுச் சோதனை முடிவும், அனுப்பிய செவிலியரின் கைக்கு வந்து சேர வேண்டும். மருத்துவக் கல்லூரியில் நோய்க்கூறு அறிக்கை எழுதப்படும்போதே ஒரு நகல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வழி செய்தால், அதைவிட நல்ல ஆசிரியர் வேறில்லை.

இரண்டாவது, ஆள்வாரியான தரக் கணக்கு. எத்தனை பேரைச் சோதித்தார் என்பதோடு, எத்தனை பேருக்குச் சந்தேகம் வந்தது, அவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் நோய் இருந்தது, எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள் என்பதையும் மாதந்தோறும் பார்க்க வேண்டும். தண்டிப்பதற்காக இந்தக் கணக்கு எடுக்கப்பட்டால் எண்கள் பொய்யாகிவிடும். உதவிக்கு யாரை எங்கே அனுப்புவது என்று தெரிந்துகொள்வதற்காக எடுக்க வேண்டும்.

மூன்றாவது, திறமை பெற்றவரை அந்த வேலையில் நிலைக்க விடுவது. சோதனை பழகிய செவிலியரை மறு ஆண்டே பிரசவ வார்டுக்கு மாற்றினால் அவர் கண் பெற்ற பயிற்சி வீணாகிறது. ஒப்பந்த ஊதியத்தில் ஆண்டுக்காண்டு நிச்சயமில்லாமல் இருப்பவரிடம் பத்தாண்டு அனுபவத்தை எதிர்பார்க்க முடியாது. பணிப் பாதுகாப்பையும் பயிற்சிச் செலவின் பகுதியாகக் கணக்கிட வேண்டும். கூடுதல் திறமைக்குப் பதவி உயர்விலும் ஊதியத்திலும் இடம் வேண்டும். அனுபவமுள்ள செவிலியரே அடுத்தவருக்குப் பயிற்சியாளராகும் பாதை திறக்க வேண்டும்.

நான்காவது, மாதம் ஒருமுறையாவது கூடிப் பேசும் இடம். வட்டார அளவில் செவிலியர்களும் ஒரு மகப்பேறு மருத்துவரும் உட்கார்ந்து, அந்த மாதத்தின் குழப்பமான படங்களையும், வராமல் போன பெண்களின் காரணங்களையும் அலசினால், மாநிலத் தலைநகரில் நடக்கும் எந்தக் கருத்தரங்கையும்விட அது பயன் தரும்.

இவற்றில் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு வேண்டியதில்லை. பெரும் நிதியும் வேண்டாம். எளிய பயிற்சி பெற்ற செவிலியர், சரியான துணை இருந்தால், பெண்களின் உயிரைக் காக்க முடியும் என்பதைத் தமிழ்நாட்டின் ஒரு மாவட்டம்தான் உலகுக்கு நிறுவிக் காட்டியது. அந்தத் துணை என்னவென்று ஆய்வாளர்கள் அன்றே தெளிவாக எழுதி வைத்தார்கள். முடிவை ஏற்றுக்கொண்டவர்கள் நிபந்தனையையும் ஏற்றாக வேண்டும். ஆண்டறிக்கையில் பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கைக்கு அருகில், அவர்கள் கண்டுபிடித்துச் சிகிச்சையும் முடிந்த பெண்களின் எண்ணிக்கையை அச்சிடத் தொடங்கும் ஆண்டில்தான், பயிற்சிக்குச் செலவிட்ட பணத்துக்கு அரசு கணக்குக் கொடுத்ததாகும்.